ஐந்து நிமிடப் பயணமும் இரண்டு மணிக் காத்திருப்பும்



கூலாய், கோத்தா திங்கி, குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, ஜொகூர் பாருவில் குடியேறி, அன்றாடம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் நம்மிடையே பலர். இருட்டோடு எழுந்து புறப்பட்டு, இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். அவர்களுடைய களைப்பில் ஒரு பங்கு வேலையினால் வருவது. மறு பங்கு வழியினால் வருவது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான கடற்பாலத்தைக் கடக்க ஏன் இத்தனை பாடு? அதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இந்தப் பாலத்தில் 1923-ஆம் ஆண்டிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1924-இல் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. நம் பெரியவர்கள் குளுவாங்கிலோ கூலாயிலோ ரயிலேறி, சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் போய் இறங்கினார்கள். அந்த நிலையம் 2011 ஜூன் 30-ஆம் நாளோடு மூடப்பட்டது. 2015 ஜூலை முதல் நெடுந்தூர ரயில்கள் ஜொகூர் பாருவோடு நின்றன. அங்கிருந்து உட்லண்ட்ஸ் வரை 'ஷட்டல் தெப்ராவ்' என்னும் சிறு பயண ரயிலைக் கேடிஎம் விட்டது. பயணம் ஐந்தே நிமிடம். பஸ்ஸிலோ, கூட்ட நேரத்தில் ஒரு மணி, இரண்டு மணி ஆவதும் உண்டு.

அப்படியானால் எல்லாரும் ரயிலிலேயே போகலாமே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரயிலில் சுமார் 320 பேர் அமரலாம். நாளொன்றுக்கு 30 தடவை நிறைந்து ஓடினாலும், இரு திசையிலும் சேர்த்துப் பத்தாயிரம் பேருக்கும் குறைவே. பாலத்தைக் கடப்பவர்களோ நாளுக்கு 3 லட்சத்துக்கும் மேல். முப்பது பேர் பசித்திருக்க, ஒருவருக்கு மட்டும் இலை போட்டது போன்ற நிலை இது. பாலத்தில் ஒற்றைத் தண்டவாளம் இருப்பதால், ரயில்களை நினைத்தபடி கூட்டவும் முடியாது.

ஆகையால்தான் காலை, மாலை நேர டிக்கெட்டுகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடுகின்றன. கைத்தொலைபேசி வழியாக வாங்கத் தெரிந்தவர் முந்திக்கொள்கிறார். அடுத்த வார ஷிப்டு எதுவென்றே அறியாத தொழிலாளி பிந்திவிடுகிறார். வசதி குறைந்தவருக்கே அலைச்சல் அதிகம் என்பது இங்கேயும் மெய்யாகிறது.

கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. போகும்போது 5 மலேசிய வெள்ளி. திரும்பும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றுதான், ஆனால் திரும்பும் செலவு சுமார் மூன்று மடங்கு. மாதச் செலவைத் திட்டமிடும்போது இதை மறக்கலாகாது.

நாம் செய்யக் கூடியவை என்ன? டிக்கெட் வாங்கும்போது பெயரையும் கடப்பிதழ் எண்ணையும் பிழையில்லாமல் பதிய வேண்டும். முன்பின் அறியாதவரிடம், வேறொருவர் பெயரில் உள்ள டிக்கெட்டை வாங்கி ஏமாறக் கூடாது. ரயில் புறப்படுமுன்பே வாயிலை மூடிவிடுவார்கள். நேரத்தோடு போக வேண்டும். பஸ்ஸில் போவோர் குடிநுழைவுச் சோதனைக்காக இரண்டு இடங்களில் இறங்கி ஏற வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சீட்டைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தால், அதே எண் பஸ்ஸில் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். தொலைந்தால் மறுபடியும் கட்ட நேரிடும். படித்த பிள்ளைகள் இவற்றைத் தம் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

ஆனால், தனி மனிதரின் சாமர்த்தியம் மட்டும் இந்தக் கூட்டத்தைக் கரைத்துவிடாது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை, சுமார் நான்கு கிலோமீட்டருக்கு, ஆர்டிஎஸ் என்னும் புதிய ரயில் பாதை வகுக்கப்பட்டது. 2026 இறுதியில் சேவையைத் தொடங்குவது என்பது இரு அரசுகளின் திட்டம். மணிக்கு, ஒரு திசையில் மட்டும், 10,000 பேர் வரை ஏற்றிச் செல்வதற்காக அது அமைக்கப்பட்டது. பழைய ரயில் நாள் முழுதும் சுமந்ததை இது ஒரு மணியில் சுமக்கும். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும்.

பாதை பெரிதானால் மட்டும் போதாது. கட்டணம் கூலிக்காரரின் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். வீட்டிலிருந்து நிலையத்துக்கு விடியுமுன் பஸ் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் நம் சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் விடாமல் கேட்க வேண்டும். வழியில் மிச்சமாகும் ஒவ்வொரு மணியும், ஒரு தந்தை தம் குழந்தை விழித்திருக்கும்போதே வீடு சேரும் மணி அல்லவா?