10 பைசா பஞ்சு, 4 ரூபாய் நாப்கின்! தெரியுமா?

பத்து கிராம் பஞ்சு. அன்றைய விலை 10 பைசா. அதையே நாப்கினாகக் கடையில் வாங்கினால் 4 ரூபாய்! நாற்பது மடங்கு! 1998-ல் புதுமாப்பிள்ளையாக இருந்த நம்ம கோயமுத்தூர்க்காரர் அருணாசலம் முருகானந்தத்தின் தூக்கத்தைக் கெடுத்தது இந்தக் கணக்குதான். 14 வயதில் பள்ளியை விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனவர் அவர்!

மலிவாக அவரே நாப்கின் செய்ய இறங்கினார். செய்த நாப்கினைச் சோதிக்க ஆள் கிடைக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி உடலில் கட்டிக்கொண்டு, தானே நாப்கின் அணிந்து நடந்தார், ஓடினார், சைக்கிள் மிதித்தார்! ஊர் என்னென்னவோ பேசியது. மனைவி பிரிந்து போனார். பெற்ற தாயும் மூட்டை கட்டினார். மனைவியிடமிருந்து மறுபடி போன் வந்தபோது ஐந்தரை வருடம் ஓடியிருந்தது!

கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது வெறும் பருத்தியா? இல்லவே இல்லை! பஞ்சாலை ஊர்க்காரருக்கே அதைக் கண்டுபிடிக்க இரண்டே கால் வருடம் ஆனது! கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் துணையோடு அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டார், போனிலும் பேசினார். போன் பில் மட்டும் சுமார் 7,000 ரூபாய்! "என்ன ஆலை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டவர்களிடம், கோவையில் மில் முதலாளி என்று துணிந்து சொல்லிவிட்டாராம். பார்சலில் வந்த மாதிரியைப் பிரித்தால்... மரக்கூழ்!

அதை நாப்கினாக்கும் பெரிய இயந்திரங்களின் விலை கோடிகளில். இவர் கருவி? அப்போது சுமார் 75,000 ரூபாய்! மிக்சி போல அரைக்க ஒன்று, அழுத்த ஒன்று, கிருமி நீக்கப் புற ஊதா விளக்கு. அவ்வளவுதான்! சென்னை ஐ.ஐ.டி. வழியாகப் போட்டிக்குப் போன இந்தக் கருவி 943 கண்டுபிடிப்புகளில் முதலிடம் பிடித்தது!

இதைவிட என்னை வியக்க வைப்பது வேறொன்று. கம்பெனிகளுக்கு விற்றிருந்தால் கோடீஸ்வரர்! ஆனால் அவர் கொடுத்தது கிராமத்து மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு. ஒரு கருவிக்குப் பத்துப் பெண்களுக்கு வேலை! பிராண்டு பெயரையும் அந்தப் பெண்களே வைப்பார்கள். கையில் காசில்லையா? வெங்காயம், உருளைக்கிழங்கு கொடுத்தும் நாப்கின் வாங்கிய ஊர்கள் உண்டு!

2014-ல் 'டைம்' இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் இடம், 2016-ல் பத்மஸ்ரீ, 2018-ல் இவர் கதையைச் சொல்லும் 'பேட்மேன்' இந்திப் படம்!

அமெரிக்காவில் கேக் விற்ற காசு உத்தரப் பிரதேசக் கிராமத்தில் நாப்கின் ஆனது தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸ் ஓக்வுட் பள்ளி மாணவிகள் கேக் விற்றும் யோகா நிகழ்ச்சி நடத்தியும் பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் நம்ம கோவைக்காரரின் கருவி ஹாப்பூர் மாவட்டத்துக் காதிகேராவுக்குப் போனது! அங்குள்ள பெண்கள் தங்கள் நாப்கினுக்கு வைத்த பெயர் 'ஃப்ளை'! இந்தக் கதையைச் சொன்ன குறும் ஆவணப்படம் 2019-ல் ஆஸ்கரையே வென்றது!

அந்தப் படத்தில் வரும் ஓர் இளம்பெண், நாப்கின் செய்து சம்பாதித்ததை எதற்குச் செலவிட்டார் தெரியுமா? டெல்லி போலீஸில் சேர்வதற்கான பயிற்சிக் கட்டணத்துக்கு!