அறுபது ஆண்டுக் கணக்கு

தேக்கங்கன்றை நடுகிறவன் அதன் பலகையில் கதவு செய்து மாட்ட வேண்டுமானால் சுமார் 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கதவைத் திறப்பவன் அவனுடைய பேரனாகவே இருப்பான். ஆகவே, மரம் வளர்த்தல் தனி மனிதனுடைய தொழிலன்று, தலைமுறைகளின் தொழில். இவ்வுண்மையை நேரில் காண விரும்பும் நேயர்கள் நிலம்பூருக்குச் செல்லலாம்.

சாலியாற்றங்கரையிலுள்ள இவ்வூர் அன்று சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று கேரள ராஜ்யத்தில் இருக்கிறது. கப்பல் கட்ட ஓக் மரம் போதாமற்போன ஆங்கிலேயர் மலபார்த் தேக்கின்மீது கண் வைத்தனர். வெட்டியவர் பலர், நட்டவர் எவருமில்லை. காடு கரைவதைக் கண்ட பிறகே, கலெக்டர் கனோலி 1840-களில் தேக்குத் தோட்டம் போட முனைந்தார்.

நோக்கம் அந்நியருடையதாயினும், அதை நிறைவேற்றிய திறமை நம்மவருடையது. தேக்கு விதை கெட்டியான ஓட்டுக்குள் அடங்கியது, எளிதில் முளைப்பதில்லை. முதல் முயற்சிகள் பொய்த்தன. சாத்து மேனோன் என்னும் அதிகாரியே நாற்றங்கால் அமைத்துக் கன்றுகளை எழுப்பி வெற்றி கண்டார். 1862 வரையில் அவர் மேற்பார்வையில் நடப்பட்டவை 10 லட்சத்துக்கும் மேல் என்பர்.

நடுவதோடு வேலை முடிந்துவிடாது. இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் 2,500 கன்றுகள் நிற்கும். அத்தனையும் வளர்ந்தால் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு எல்லாம் மெலிந்துபோகும். ஆதலால் சில ஆண்டுகளுக்கொரு முறை நலிந்தவற்றைக் களைவர். முடிவில் முற்றி நிற்பவை பத்தில் ஒரு பங்கும் இரா.

இனி, மரம் என்றும் குறையாதிருக்கும் வழி யாது? நிலத்தை 60 கூறுகளாக்குக. ஆண்டுக்கு ஒரு கூறு வெட்டுக. வெட்டிய இடத்தில் உடனே நடுக. கடைசிக் கூறு வெட்டப்படும்போது முதற்கூறு மீண்டும் முற்றத் தொடங்கியிருக்கும். கணக்கு எளிது, அதைக் காப்பதே அரிது. பணமுடை வந்தாலும், யுத்தம் வந்தாலும், "இவ்வாண்டு மட்டும் இரண்டு கூறு" என்னும் ஆசை பிறக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் நிலம்பூரின் பழந்தோட்டத்திலேயே கோடரி பாய்ந்தது. 1846-ல் நட்ட மரங்களில் எஞ்சிய சிறு பகுதியே 'கனோலி தோட்டம்' என்று காக்கப்படுகிறது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே மரத்தை ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப வளர்த்தால் மேல்மண் கரைந்து, வளம் குன்றக்கூடும். தோட்டம் பலகை தரும். பல்லுயிர் வாழும் இயற்கைக் காட்டுக்கு அது ஈடாகாது. காடு வருமானத்துக்கு முன் நீருக்கும் மண்ணுக்கும் அரண் என்று 1988-ம் ஆண்டின் தேசீய வனக் கொள்கை கூறியது இதனாலேதான்.

ஆயினும் நாம் வெளிநாட்டுத் தேக்கை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம். வரப்பிலும் தரிசிலும் நாம் இன்று நடாத மரத்தை நம் பேரர்கள் பிறரிடம் கேட்டு நிற்பார்கள். சுதந்திர தேசத்துக்கு அது அழகாகுமா?