தாத்தாவின் அம்பாசிடர் ஸ்டார்ட் ஆகிடுச்சு... ஆனா பிரேக் பிடிக்குமா?

பத்து வருஷமாக ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அம்பாசிடர். புது பேட்டரி, கொஞ்சம் பெட்ரோல், கார்புரேட்டர் கிளீனிங். இன்ஜின் உறுமியதும் வீடே கைதட்டும். உடனே யாராவது ஒருத்தர் கேட்பார்: "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?"

வேண்டாம். முதலில் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரின் இந்திய வடிவம். அதன் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட். பெடலை மிதிக்கும் அழுத்தம், பென்சிலைவிட மெல்லிய இரும்பு பைப்களில் உள்ள பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. இதில் எங்காவது ஓர் இடத்தில் பைப் விட்டுப்போனால், ஒரு சக்கரம் அல்ல, நான்குமே போச்சு. பெடல் தரையைத் தொடும். பிறகு ஹேண்ட் பிரேக்தான் கதி. இதனால்தான் இரட்டை சர்க்யூட் வந்தது. அமெரிக்காவில் 1968-லேயே புதுக் கார்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது?

வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். அந்த ஈரமே பைப்பை உள்ளிருந்து அரிக்கிறது. ரப்பர் ஹோஸ் கதை வேறு. உள்பக்கம் வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும். மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. பலர் இதைத் தெரியாமல் வீல் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

நட் திரும்பவே மாட்டேங்குதா?

பாதி பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். துருப்பிடித்த நட்டில் அதைப் போட்டு அழுத்தினால் மூலைகள் மழுங்கிவிடும். இதற்கென்றே ஃப்ளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது. முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட வேண்டும். அப்படியும் நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டால்? நட்டை ஒட்டி பைப்பை வெட்டிவிடுங்கள். இப்போது ஆறுமுனை பாக்ஸ் சாக்கெட்டை நேராக மாட்டித் திருப்பலாம். பைப் எப்படியும் குப்பைக்குத்தான். காப்பாற்ற வேண்டியது நட் இறங்கியிருக்கும் வீல் சிலிண்டரையும் ஜங்ஷனையும்தான். கேஸ் டார்ச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள்: பிரேக் ஆயில் தீப்பிடிக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கருகும்.

கழற்றும் முன் ஒவ்வொரு வளைவையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பைப்தான் புதுசுக்கு அளவு. மரை அங்குல அளவு. மெட்ரிக் நட் இரண்டு சுற்று ஏறி, பொருந்தியது போலவே ஏமாற்றும்.

புதுசுக்கு செம்பு-நிக்கல் கலவை பைப் நல்லது. துருவுக்கு எளிதில் அசையாது, கையாலேயே வளையும். ஏசி வேலைக்கு வாங்கிய வெறும் செம்புக் குழாய் கூடவே கூடாது. அதிர்வில் இறுகி விரிசல் விடும். ஓட்டையான இடத்தை மட்டும் வெட்டி, பிளம்பிங் ஜாயின்ட் போட்டு ஒட்டுவதும் அதே ரகத் தற்கொலை முயற்சி. பைப் முனையை விரித்து மடிக்கும் ஃப்ளேர் வேலை யூடியூப் பார்த்து முதல் நாளே வராது. அதை மட்டும் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுப்பதில் வெட்கமே இல்லை.

கடைசியில் ஏர் எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து, ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பெயின்டில் ஆயில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

பிறகு வண்டியை நிறுத்தியபடியே பெடலை ஒரு நிமிஷம் பலமாக மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். பேப்பரில் ஈரம் பட்டாலோ, பெடல் மெல்ல இறங்கினாலோ, அன்றைக்கு ரவுண்டு கிடையாது.