கறுப்பைத் தொடாத ஆறு ராகங்கள்

பாட்டு பிறக்கிற அறையை எட்டிப் பார்க்க ஆசையா? வாங்க, செருப்பை வாசலில் விடுங்க! சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஒரு வீவக வீடு. கட்டில்மேல் கீபோர்ட், மடிக்கணினி, கால்தடுக்கும் ஒயர்கள். இரவு பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது, ஆளுக்கொரு ஹெட்போன். கதவருகே நின்று பார்த்தால் மூன்று பேர் காரணமே இல்லாமல் தலையாட்டுவது போலிருக்கும்.

பாட்டு, இங்கிருந்த கடற்படைத் தளத்தில் உழைத்த தாத்தாக்களைப் பற்றியது. 1938இல் திறந்த தளம். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. வரிகள் இன்னும் வரவில்லை. தத்தகாரம் மட்டும்தான் ஓடுகிறது.

"அக்கா, ரெண்டு கட்டையில ஆரம்பிச்சு வெள்ளைக் கட்டையிலயே போங்க."

பாடுகிறார். அட, கரகரப்பிரியா!

"வெஸ்டர்ன்ல நாங்க இதை டோரியன்னு சொல்லுவோம்க்கா" என்று கீபோர்ட் தம்பிக்கு ஒரே பெருமை.

ஒரு கட்டையை (சி) ஆதாரமாக்கினால் சங்கராபரணம். இரண்டில் (டி) கரகரப்பிரியா, மூன்றில் (ஈ) தோடி, நான்கில் கல்யாணி, ஐந்தில் அரிகாம்போதி, ஆறில் நடபைரவி. ஏழில் பஞ்சமம் கிடைக்காது. 72 மேளத்தில் அதற்கு இடமுமில்லை. 'சா'வை மாற்றி வைக்கும் இந்த வித்தைக்கு இன்று கிரகபேதம் என்று பெயர். ஏழு பாலைப் பண்களைச் சொன்ன சிலப்பதிகாரமோ, ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு ஏழு சுரப் பெயரிட்டு வட்டமாகவே நிறுத்திவிட்டது. இளங்கோவடிகளை ஹெட்போனோடு கற்பனை செய்துகொள்ளலாம், தப்பில்லை.

இப்போதுதான் வேடிக்கை. டி மைனர் கார்ட் விழுகிறது. இதுவரை இது நடபைரவியாகவும் இருக்கலாம். அடுத்து ஜி மேஜர். அதற்குள் இருக்கும் சதுசுருதி தைவதம் குட்டை உடைத்துவிடுகிறது: கரகரப்பிரியாவேதான்! சோகப் பாட்டு திடீரென நிமிர்ந்து உட்காருகிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் "ஆஹா!" பத்தரை மணி விதி அங்கே மீறப்பட்டது.

உற்சாகத்தில் தம்பி சி மேஜருக்குத் தாவினார். போச்சு! ஜியிலிருந்து சிக்குப் போனதும் காது 'வீடு வந்தாச்சு' என்று காலை நீட்டிவிடுகிறது. கரகரப்பிரியா காணாமல் போய்ச் சங்கராபரணம் குடிவந்துவிட்டது. வைத்தியம் எளிது. இடது கை டியை விடவே கூடாது. சுருதிப்பெட்டி செய்யும் வேலைதான். மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு 'சோ வாட்' பாட்டும் பெரும்பாலும் இதே டி டோரியனில்தான் உலாவுகிறது; நடுவில் அரைச் சுரம் மேலேறித் திரும்பி வரும், அவ்வளவே.

தோடியையும் சீண்டிப் பார்த்தார்கள். ஈ மைனர் போட்டால் கார்டுக்குள் காந்தாரம் ஆணியடித்தாற்போல் நிற்கிறது. பாடகியின் காந்தாரமோ ஆடிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் மோதியதில் காது கூசியது. கடைசியில் 'சா'வும் 'பா'வும் மட்டும் வைத்ததும் தோடி மூச்சுவிட்டது. என்னைக் கேட்டால், கமகம் கனமான ராகத்துக்குக் கார்ட் குறையக் குறைய நல்லது.

உங்கள் வீட்டிலும் கீபோர்ட் தூசி படிந்து கிடக்கிறதா? டி மைனர், ஜி மேஜர், மறுபடி டி மைனர். மேலே வெள்ளைக் கட்டையில் எதை வேண்டுமானாலும் வாசியுங்கள். சி மேஜர் பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள்.