புனேயில் ஒரு ‘தியாகபூமி’

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புத்தகம் பதிந்து கொடுக்கும் அக்காவுக்கு ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் மேல் இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. 2022-ல் முதல் பாகம் வந்த வாரமே பார்த்துவிட்டார். “படம் நல்லாத்தான் இருந்துச்சு சார். ஆனா நான் படிச்ச பூங்குழலி அதுல இல்லை.” நாளிதழ் அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் விடவில்லை. “படம் வந்ததாலதானேக்கா அஞ்சு பாகமும் அலமாரியில தங்காம சுத்துச்சு?”

இந்த வழக்கு எல்லா நூலகத்திலும் உண்டு. புனே லா காலேஜ் சாலையில், 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் மட்டும் கேள்வி வேறு. படம் கதையை ஒத்திருக்கிறதா என்பது அப்புறம். முதலில் படம் இருக்கிறதா? காப்பகத்தை வளர்த்தெடுத்த திருவனந்தபுரத்துக்காரர் பி.கே.நாயர், 1991-ல் ஓய்வு பெறும் வரை, நல்ல படம், மோசமான படம் என்று தரம் பிரிக்காமல் தேடித்தேடிச் சேர்த்தார். அவர் செய்ததே சரி. அந்தக் கால நைட்ரேட் பிலிம் தானாகவே சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு டப்பாவைத் திறந்தால் பழுப்புப் பொடிதான் மிஞ்சும். சுலபமாகத் தீயும் பிடிக்கும். தப்பியவற்றிலும் எத்தனையோ சுருள்கள் வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன.

அப்படிப் போகாமல் புனே வந்து சேர்ந்தது நம் ‘தியாகபூமி’. 1939-ல் கல்கி அதை ஆனந்த விகடனில் தொடராக எழுத எழுத, கே.சுப்ரமணியம் படமாக்கிக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியம் கிடையாது. படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களே அச்சாயின. சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன், சாவித்திரி என்றால் எஸ்.டி.சுப்புலட்சுமி. வாசகர்கள் அந்த முகங்களோடுதான் கதையையே படித்தார்கள். எங்கள் அக்காவின் குறை அவர்களுக்கு வந்திருக்க வழியில்லை. கைவிட்ட கணவனோடு வாழ மறுத்து, ஜீவனாம்சம் வேண்டுமானால் நான் தருகிறேன் என்று கோர்ட்டில் சொல்லும் பெண்ணை அன்றைக்கு அப்படி நேருக்கு நேர் நிறுத்தியது பெரிய துணிச்சல். சுதந்திரப் போராட்டத்தைப் பேசியதற்காக பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. தடை வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே ஓட்டினார்கள். கூட்டம் அலைமோத, போலீஸ் தடியடி நடத்தியது. அந்தப் படத்தின் எஞ்சிய பிரதி புனேயில் இருக்கிறது.

இன்னொன்று அதைவிட விசித்திரம். சி.வி.ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவல் 1891-ல் வந்தது. இன்றைய குமரி மாவட்டத்து மண்ணும் அதில் உண்டு. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரிப்பில், பி.வி.ராவ் இயக்கத்தில் 1933-ல் அது மௌனப் படமானது. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது, படம் பறிமுதலானது. தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால் ஊர் ஊராக ஓடித் தேய வேண்டிய பிரதி, புத்தகம் விற்பவர்களிடம் பத்திரமாகக் கிடந்தது. 1974-ல் ஆவணக் காப்பகம் அதைப் பெற்றது. தென்னிந்திய மௌனப் படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துபோன நிலையில், புத்தகக்காரர்களின் சண்டையே இந்தப் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இதையெல்லாம் போன சனிக்கிழமை அக்காவிடம் சொன்னேன். எழுந்துபோய் ‘க’ வரிசையிலிருந்து ‘தியாகபூமி’யை எடுத்து வந்தார். அட்டை கிழிந்து, செலோடேப் ஒட்டிய பிரதி. பக்கம் பக்கமாகப் புரட்டினார். புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

“1939 விகடன் பைண்டு எங்க சார் கிடைக்கும்?” என்றார்.