தம்பி வந்தால்தான் திறக்கும் கணினி

சென்ற தை மாதம் லண்டனில் எமது சங்கம் ஒன்றின் கணக்கறிக்கையை அனுப்ப வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பதிவுபெற்ற அறக்கொடை அமைப்புகள் கணக்காண்டு முடிந்து 10 மாதங்களுக்குள் அதை ஆணையகத்துக்கு அனுப்ப வேண்டும். எமது கணக்காண்டு மார்ச் 31இல் முடிவதால் ஜனவரி 31 கடைசி நாள். வங்கிக் கூற்றுகள், பற்றுச்சீட்டுகள் எல்லாம் சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கோடு இணைந்த சேமிப்பில் இருந்தன. கடவுச்சொல் சரிதான். ஆனால் உள்ளே போக ஆறு இலக்கக் குறியீடு ஒன்றும் வேண்டுமாம். அது போய்ச் சேரும் கைபேசி, ஐந்து வருடத்துக்கு முன் அந்தக் கணக்கைத் திறந்து தந்த மாணவனுடையது. அவன் படிப்பு முடிந்து அவுஸ்திரேலியா போய் இலக்கத்தையும் மாற்றிவிட்டான்.

அவனுடைய தாயாரைக் கோயிலில் கண்டு புதிய இலக்கம் வாங்கினோம். நல்ல காலம், அவனுடைய பழைய மடிக்கணினியில் அந்தக் கணக்கு மூடப்படாமலே இருந்தது. நாள் முடிய நான்கு நாட்கள் இருக்கையில் அறிக்கை போனது.

பிள்ளையில் பிழையில்லை. வங்கிக் காசோலைக்கு இரண்டு கையொப்பம் வேண்டும் என்று யாப்பில் எழுதி வைத்த நாம், முழுச் சங்கத்தின் திறப்பையும் ஒரு பொடியனின் சட்டைப்பையில் விட்டிருந்தோம். உள்ளகக் கட்டுப்பாடு பற்றி வணிகப் படிப்பில் பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை சித்தியடைந்த ஆட்கள்தான் நாங்களும்.

அதன் பிறகு நாங்கள் நாலு பேர் சேர்ந்து சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி, கோயில், ஊர்ச்சங்கம் என்று கணினி உதவிக்குப் போகிறோம். முதல் மாதத்திலேயே கண்டது, எங்களுடைய உதவியே பாதிச் சிக்கல் என்பதை. "அண்ணை, நீங்கள் எழும்புங்கோ, நான் செய்து விடுறன்" என்று கதிரையைப் பிடித்து, படபடவென்று நாலு இடத்தில் அழுத்திவிட்டு எழும்பி வருவோம். அடுத்த கிழமை அதே அண்ணையிடமிருந்து அதே அழைப்பு. இப்போது எமக்கு ஒரு கட்டுப்பாடு: உதவி கேட்டவர் இருக்க, நாம் பக்கத்தில் நிற்பது. மவுஸைத் தொடுவதில்லை. ஐந்து நிமிட வேலை அரைமணியாகும், பொறுமை போகும். ஆனால் மூன்றாம் தடவை அழைப்பு வராது.

பெரிய நிறுவனங்களின் உதவி மேசைகளில் நடக்கும் ஒரு வழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம். அங்கே ஒவ்வொரு அழைப்பும் பதியப்படும். பதிந்ததைப் பார்த்து இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். இன்றைக்கு வேலை நின்றுபோனது ஒரு நிகழ்வு. அதை உடனே ஓடவைத்தால் போதும். அந்த நிகழ்வு திரும்பத் திரும்ப வர எது காரணமோ, அதுதான் பிரச்சினை. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். கணக்காளருக்கு இது புரியும். பரீட்சை மீதி பொருந்தாதபோது வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுச் சமன் செய்யலாம். ஆனால் வழுவைத் தேடிப் பிடிக்கும்வரை அந்தக் கணக்கு மூடப்படாது.

எமக்கு மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கொப்பி போதும்: திகதி, யார், என்ன நடந்தது, என்ன செய்தோம். ஒரு தமிழ்ப் பள்ளியின் கொப்பியைப் புரட்டியபோது, "எழுத்து தெரியவில்லை" என்ற முறைப்பாடு பலமுறை இருந்தது. பழைய வினாத்தாள்களும் அறிக்கைகளும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கும். யூனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்தமான எண்கள் உண்டு, இன்றைய கணினிகள் அவற்றை அறியும். ஒவ்வொரு புதுக் கணினியிலும் பாமினியைப் போட்டுக் கொடுத்தது நிகழ்வைத் தீர்த்தது. இரண்டு சனிக்கிழமை இருந்து கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றியபின் அந்த முறைப்பாடே இல்லை.

பயிற்சி விடயத்திலும் நாம் ஆரம்பத்தில் பிழைவிட்டோம். கணினியின் உறுப்புகள், நினைவகம் என்று வகுப்பு எடுத்தோம். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். நாளை என்ன வேலை செய்யப் போகிறாரோ அதைத்தான் இன்றைக்குக் காட்ட வேண்டும். பொருளாளருக்கு எக்செல் என்றால், 40ஆவது வரிசையோடு கூட்டல் சூத்திரம் நின்றுவிட்டால் 41இல் எழுதிய நன்கொடை மொத்தத்தில் சேராது என்பதைத்தான்.

இது எங்கட ஆட்களின் குறை என்று நினைக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் விபரம் உரிய நேரத்தில் பட்டியலில் ஏறாமல் விடுபட்டது. பழைய எக்செல் கோப்பு வகை 65,536 வரிசைகளோடு நின்றுவிடும், மிச்சத்தை ஏற்காது. புதிய வகை 1,048,576 வரை ஏற்கும். கணினி பழுதாகவில்லை. கோப்பு நிரம்பியதை ஒருவரும் கவனிக்கவில்லை. தொற்றியவர்களோடு பழகியோரைத் தேடும் வேலை அதனால் பிந்தியது.

கடவுச்சொல்லுக்கு வருவோம். இந்நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்து எழுதச் சொல்கிறது. அடிக்கடி மாற்றச் சொல்லி வற்புறுத்துவதையும் அது விரும்புவதில்லை. மாற்ற மாற்ற ஆட்கள் கடைசி இலக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள் அல்லவா. சங்கக் கணக்குக்கு இப்போது இரண்டு நிர்வாகிகளின் கைபேசிகள் பதிந்திருக்கின்றன. அவசரக் குறியீடுகளை அச்சிட்டு, மூடிய உறையில் பற்றுச்சீட்டுப் புத்தகங்களோடு வைத்துள்ளோம். பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது வங்கிக் கையொப்பத்தோடு இதுவும் மாறும்.

அந்தச் சங்கத்தின் பொருளாளர் அக்காவுக்கு 67 வயது. ஆரம்பத்தில் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறக்கவே பயந்தவர். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, மண்டபக்காரரின்ரை வங்கி இலக்கம் மாறிவிட்டுது, புதுசுக்குக் காசைப் போடுங்கோ எண்டு மின்னஞ்சல் வந்தது. நான் போடேல்லை. எங்கட கொப்பியில இருந்த பழைய நம்பருக்கு அடிச்சுக் கேட்டனான். தாங்கள் அப்பிடி ஒண்டும் அனுப்பேல்லையாம்."