ஜப்பான் வானும் வியாபாரியின் கணக்கும்

எமது சங்க அங்கத்தவர்களில் ஒரு வானேனும் வைத்திராதவர்கள் மிகச் சிலரே. காலையில் சந்தைக்குச் சரக்கு ஏற்றுவதும், பிற்பகலில் கிராமக் கடைகளுக்கு மூடை இறக்குவதும், இரவோடிரவாக ஏ-9 வீதியால் கொழும்புக்குச் சென்று புறக்கோட்டையில் கொள்முதல் செய்வதும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தாரைக் கீரிமலைக்கு ஏற்றிச் செல்வதும் பெரும்பாலும் அதே வான்தான். ஆனால் கடைத் தராசை வருடந்தோறும் முத்திரையிடுவிக்கின்ற நாம், ஆண்டு முடிவில் இருப்பை ஒன்றுவிடாமல் எண்ணுகின்ற நாம், வானை மட்டும் அது வீதியில் நின்றுவிடும் வரை திரும்பிப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஓடிக்கொண்டிருந்த பழைய வான்கள் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறியதை எல்லோரும் கண்டோம். அக்காலத்தில் வானைப் பேணி வைத்திருந்தவரிடம் முதல் இருந்தது. பேணாதவரிடம் இரும்பு இருந்தது. இறக்குமதி திறந்த பின்னரும், வரிகளையும் சேர்த்துப் பார்த்தால், சிறிய கடைக்காரர் ஒருவர் புதிதாக ஒன்றை வாங்குவது எளிதன்று. ஆகவே கையிலுள்ள வானையும், இனி வாங்கப்போகும் வானையும் கணக்கோடு நடத்துவது எப்படி என்பதை இங்கே சுருக்கமாக எழுதுகின்றோம்.

“ரீகண்டிஷன்” என்றால் என்ன?

இந்தச் சொல்லைக் கேட்டதும் எஞ்சினைக் கழற்றிப் புதுப்பித்திருப்பார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஒன்றும் நடப்பதில்லை. ஜப்பானில் ஒருவர் ஓட்டிய வாகனம் ஏலத்தில் விற்கப்பட்டு, கழுவி மினுக்கிக் கப்பலேற்றப்படுகிறது, அவ்வளவுதான். அங்கே வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. பயணிகள் காருக்குப் புதிதில் மூன்று ஆண்டுகளிலும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் அது நடக்கும். சரக்கு வான்களுக்கு முதற்பரிசோதனையின் பின் வருடந்தோறும் நடக்கும். அதற்கான செலவை விரும்பாத பலர் நல்ல நிலையிலேயே விற்றுவிடுகின்றனர். எம்மைப்போல் அவர்களும் இடது பக்கம் ஓட்டுபவர்கள். ஸ்டியரிங் வலது பக்கம். இவ்விரண்டு காரணங்களாலேயே ஜப்பான் வான் எமது நாட்டுக்கு இவ்வளவு பொருந்தியது.

வாங்கும்போது இறக்குமதியாளரிடம் இரண்டு தாள்களைக் கேளுங்கள். ஒன்று ஏலத் தாள். அதில் 4, 3.5 என்று தரம் இருக்கும். R என்றிருந்தால் விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்டது. வாகனத்தின் படத்தில் A என்பது கீறல், U என்பது நெளிவு, W என்பது தட்டித் திருத்திய இடம், S என்பது துரு. ஜப்பானின் வடபகுதியில் பனிக்காலத்தில் வீதிகளுக்கு உப்பு இடுவதால் அங்கிருந்து வரும் வான்களின் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கக் கூடும். மேலே பளபளக்கும் பெயின்ற் அதைச் சொல்லாது. வானைத் தூக்கி நிறுத்தி அடியைப் பாருங்கள்.

மற்றது ஏற்றுமதிப் பத்திரம். அதில் ஆண்டு ஜப்பானியக் கணக்கில் இருக்கும். ஹெய்செய் ஆண்டோடு 1988ஐக் கூட்டினால் எமது ஆண்டு வரும். ஹெய்செய் 17 என்றால் 2005. ரெய்வா ஆண்டோடு 2018ஐக் கூட்ட வேண்டும். சில பத்திரங்களில் பரிசோதனையின்போது குறித்த கிலோமீற்றர் எண்ணும் உண்டு. அதை மீற்றரோடு ஒப்பிடுங்கள். மீற்றரைப் பின்னோக்கித் திருப்புபவர்கள் சிலவேளை மறந்துவிடும் இன்னொரு சாட்சியும் உண்டு. ஜப்பான் கராஜ்களில் ஒயில் மாற்றியதும் கதவோரத்திலும், ரைமிங் பெல்ற் மாற்றியதும் எஞ்சினுக்கு அருகிலும், திகதியும் கிலோமீற்றரும் எழுதிய சிறு ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். மீற்றர் 80,000 என்று காட்ட, ஸ்டிக்கர் 1,60,000 என்று சொன்னால் எதை நம்புவது என்பது வியாபாரிக்குத் தெரியும்.

வாங்கிய முதல் மாதம்

விற்பவர் என்ன சொன்னாலும், முதல் மாதத்திலேயே எஞ்சின் ஒயில், பில்டர்கள், கூலன்ற், பிரேக் ஒயில் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்கு ஆரம்பமாகிறது.

இவற்றுள் முதன்மையானது ரைமிங் பெல்ற். நாம் “டொல்பின்” என்று அழைக்கும் 1989இல் வெளிவந்த ரொயோட்டா ஹயஸ் வகையில், 2.4, 2.8, 3.0 லீற்றர் டீசல் எஞ்சின்களுக்கு இந்தப் பெல்ற் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றப்பட வேண்டும். அந்தத் தூரம் வந்ததும் முன்பலகையில் அதற்கென ஒரு விளக்கு எரியும். ஆனால் மீற்றரைத் திருப்பிய வானில் அந்த விளக்கை நம்ப முடியாது. ஓட்டத்தில் பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். எமக்குத் தெரிந்த ஒரு வர்த்தகரின் வான் மாங்குளத்துக்கு அப்பால் இவ்வாறு நின்றது. பெல்ற்றின் விலையைப்போல் பல மடங்கு எஞ்சின் வேலைக்குப் போயிற்று. வாழைக்குலைச் சரக்கு வெயிலில் கிடந்து பழுத்தது வேறு. ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். எமது கிணற்று நீர் எவ்வளவு வன்மையானது என்பதைத் தேநீர்க் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே சொல்லும். அதே படிவு றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிகிறது. குழாய் அடைபட்டால் சூடு தணியாது. சூடு ஏறினால் ஹெட் வெடிக்கும். கூலன்ற் என்பது குளிர்நாட்டில் நீர் உறையாமலிருக்க இடும் மருந்துதானே, எமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. வெப்ப நாட்டுக்கு இவை இரண்டும் வேண்டும். ஆகவே கலந்து விற்கும் கூலன்ற்றையோ, வடித்த நீரில் கலந்ததையோ மட்டும் விடுங்கள்.

ஹயஸ் போன்ற வான்களில் எஞ்சின் முன் ஆசனத்தின் கீழே இருப்பதால், ஆசனத்தைத் தூக்கிப் பார்க்கச் சாரதிகள் சோம்பல்படுவர். வாரம் ஒரு நாள், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், தூக்கிப் பார்ப்பதை ஒழுங்காக்குங்கள். பயணிகளுக்கென்று செய்யப்பட்ட வான்கள் பலவற்றில் பின் ஆசனக்காரருக்கும் ஹீற்றர் உண்டு. அதற்குச் சுடுநீர் கொண்டுபோகும் குழாய்கள் தரையின் அடியால் ஓடுகின்றன. எமது நாட்டில் அந்த ஹீற்றரை எவரும் போடுவதில்லை. ஆனால் குழாய் துருப்பிடித்துக் கசியும்போது கூலன்ற் ஓசையின்றிக் குறைந்துபோகும். காரணம் தெரியாமல் கூலன்ற் குறைந்தால் அந்தக் குழாயைப் பாருங்கள்.

வெப்பமானி ஏறினால் ஓரமாக நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவும் வேண்டாம், குளிர்ந்த நீரை ஊற்றவும் வேண்டாம். அரை மணி தாமதித்தால் கடையொன்றும் கவிழ்ந்துவிடாது.

பழைய கைவைத்தியமும் புதிய எஞ்சினும்

யுத்தகாலத்தில், பெற்றோல் கிடைக்காத நாட்களில், எமது மெக்கானிக்மார் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். அந்தக் கெட்டித்தனத்தை எவரும் மறக்க மாட்டார்கள். டொல்பின் வானின் பழைய வகை டீசல் பம்பும் ஓரளவு பொறுமையானதே. ஆனால் 2004இல் வந்த ஹயஸ் வகையில், நாம் “கே.டி.எச்.” என்று அழைக்கும் வானில், டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் மயிரிழை போன்ற துளைகளால் செலுத்தப்படுகிறது. கானில் பல நாள் கிடந்த டீசல், நீர் கலந்த டீசல், துணியால் வடித்த டீசல் ஆகியவை இன்ஜெக்ரர்களைக் கெடுத்துவிடும். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற காலத்தில் கானில் சேமித்து ஊற்றியவர்கள் பலர். அந்தப் பழக்கத்தை இந்த எஞ்சினுக்குத் தொடர வேண்டாம். டீசல் பில்டரில் சேரும் நீரை உரிய காலத்தில் இறக்குங்கள். நீர் விளக்கு எரிந்தால் அன்றே கவனியுங்கள். புழுதி வீதியிலும் பாரத்தோடும் ஓடும் வானுக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை எஞ்சின் ஒயில் மாற்றுவது நட்டமான காரியமன்று.

உதிரிப்பாகம் வாங்கும்போது “ஹயஸ் வானுக்கு” என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே பெயரில் பல எஞ்சின்களும் பல அச்சுகளும் உண்டு. வானின் தகட்டிலுள்ள மாதிரி எழுத்துக்களையும் சேஸி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். கியர் ஒயிலும் அப்படியே. ஓட்டோ கியருக்கு எந்த வகை என்று கைநூல் சொல்கிறதோ அதையே விடுங்கள்.

ஆட்களும் மூடைகளும்

எமது கருத்தில் இதுவே முக்கியமான பகுதி. பழுதான எஞ்சினைக் காசு கொடுத்துத் திருத்தலாம். வீதியில் போன உயிருக்கு எந்தக் காப்புறுதியும் ஈடாகாது.

ஜப்பானில் சரக்கு வான் வேறு, பயணிகள் வான் வேறு. சரக்கு வானாக வந்ததற்கு இங்கே பின் ஆசனங்கள் பூட்டப்படுவதுண்டு. மெல்லிய தரைத் தகட்டில் சிறிய ஆணிகளால் பூட்டிய ஆசனம், வான் எங்கேனும் மோதினால் ஆட்களோடு சேர்ந்து பெயர்ந்து முன்னே வரும். ஆசனத்தைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். அடியில் எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெல்ற் இல்லாத ஆசனத்தில் பிள்ளைகளை இருத்தாதீர்கள்.

பாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வான் 1,000 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு மட்டும் என்றால் 50 கிலோ மூடை இருபது. ஆள் ஒருவர் 60 கிலோவாகப் பத்துப்பேர் ஏறினால் 600 கிலோ போய்விடும். மிஞ்சுவது எட்டு மூடைக்குரிய இடமே. பத்துப்பேரையும் இருபது மூடையையும் சேர்த்து ஏற்றுவது கல்லாப்பெட்டியில் உள்ள காசை இரண்டு பேருக்குக் கடன் கொடுப்பது போன்றது. மேலதிக வில்லுப் பட்டை பூட்டினால் போதும் என்பார்கள். வில்லு தாங்கலாம், பிரேக்கும் ரயரும் அச்சும் பழையபடியே இருக்கின்றன. சில வான்களில் பின் அச்சின் பாரத்துக்கேற்பப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. வில்லை உயர்த்தினால் அதன் கணக்கும் பிழைத்துவிடும். மூடைகளின் மேல் வேலையாட்களை இருத்தி அனுப்புவதை எமது அங்கத்தவர் எவரும் செய்யலாகாது. அவர்களும் எம்மை நம்பி வீட்டிலிருந்து வருபவர்கள்.

ரயர் வாங்கும்போது வானுக்குரிய பாரம் தாங்கும் வகையையே வாங்குங்கள். கார் ரயர் அளவு பொருந்தினாலும் வலிமை பொருந்தாது. பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும் ஆகும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் மலிவாகக் கிடைக்கும் “புதிய” ரயர் பல வருடம் அடுக்கில் கிடந்ததாக இருக்கலாம். காலாவதித் திகதி பார்த்துச் சரக்கு எடுக்கும் நாம் ரயருக்கும் அவ்வாறே பார்ப்போம்.

வானுக்கு ஒரு பேரேடு

கடைசியாக, வானுக்கென்று பேரேட்டில் ஒரு தனிப்பக்கம் திறவுங்கள். இடப்பக்கம் திகதியும் கிலோமீற்றரும். வலப்பக்கம் செய்த வேலையும் செலவும். பெல்ற்றின் செலவை 1,00,000 ஆலும், ஒயில் செலவை 5,000 ஆலும், ரயர் செலவை அது வழக்கமாக ஓடும் தூரத்தாலும் வகுத்துக் கூட்டினால், ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று வரும். மாத முடிவில் ஓடிய தூரத்தால் அதைப் பெருக்கி, அந்தத் தொகையைத் தனியே ஒதுக்குங்கள். காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் செலவையும் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். வாடகைக்கு ஓடும்போது கூலி பேசவும், புறக்கோட்டைச் சரக்குக்கு ஏற்றுகூலி போடவும் இந்தக் கணக்கு உதவும். டீசல் காசை மட்டும் பார்த்து விலை போடுபவர் தம் வானைச் சிறிது சிறிதாக விற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பக்கம் இன்னொரு நன்மையும் செய்யும். வானை ஒருநாள் விற்க நேரும்போது, வாங்க வருபவர் முன் அதை விரித்து வையுங்கள். எழுதிய கணக்குள்ள வானுக்கும் வாய்ச்சொல் மட்டுமுள்ள வானுக்கும் விலையில் உள்ள வித்தியாசத்தை அவரே சொல்வார்.